ஈரம் குடித்த பலகை

அன்புத் தம்பிக்கு,

உன் பழைய கேரவனின் உள்சுவர்ப் பலகை ஜன்னலுக்குக் கீழே உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து, விரல் வைத்தால் உதிர்கிறது என்று எழுதியிருந்தாய். எந்தப் பிளைவுட் வாங்கலாம், குறைந்த செலவில் எப்படி முடிக்கலாம் என்பது உன் கேள்வி. சொல்கிறேன். ஆனால் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலைகள் மூன்று உண்டு. அவற்றைத் தாண்டிக்கொண்டு பலகை வாங்கினால், அடுத்த ஐப்பசி மழையில் புதுப் பலகையும் அதே இடத்தில் உப்பும். ஒரே வேலையை இரண்டு முறை செய்வதைவிடப் பெரிய செலவு வேறில்லை.

முதல் வேலை, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது. கறை தெரியும் இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடாதே. கூரையில் நுழைந்த நீர் சட்டத்தின் மேலேயே ஓடி, மூலையில் திரும்பி, எங்கோ ஒரு ஜன்னலடியில் வந்து தங்கும். கூரைத் தகடுகள் சேரும் மூட்டு, கேரியரின் போல்ட் துளைகள், காற்றுப்போக்கியின் விளிம்பு, ஜன்னல் கண்ணாடி ரப்பர், பின்கதவின் மேல்பக்கம் இவை ஐந்தையும் பார். வேப்பமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ நிறுத்தும் வழக்கம் இருந்தால், கூரையோர நீர்க்காலில் சருகு அடைத்திருக்கும். தேங்கும் நீர் சின்ன விரிசலையும் தேடிப் பிடித்துவிடும்.

சோதிக்க ஒரு ஹோஸ் பைப்பும் டார்ச்சும் போதும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்க, இன்னொருவர் வெளியிலிருந்து நீர் விடட்டும். கீழ் மூட்டில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம் கொடுத்து, மெல்ல மேலே போங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா மூட்டும் ஒரே நேரத்தில் நனைந்து, கசிவது எது என்று தெரியாமல் போகும். கண்டுபிடித்த மூட்டில் பழைய பசையை முழுக்கச் சுரண்டி, தின்னர் தொட்டுத் துடைத்து, பாலியூரித்தேன் சீலன்ட் இடு. பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கான் சரியாகப் பிடிக்காது, பெயின்டும் ஒட்டாது. கல்லாக இறுகும் எபாக்சி மாவும் இந்த இடத்துக்கு உதவாது. வண்டி ஓடும்போது பாடி முறுக்கிக்கொள்ளும். அதற்கு ஈடுகொடுத்து வளையும் பசைதான் நிற்கும்.

இரண்டாவது, பிரித்து உலர்த்துவது. பேட்டரி இணைப்பைக் கழற்று, கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்து வை. பூஞ்சை பிடித்த பலகையைப் பெயர்க்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம் போடு. பலகைக்குப் பின்னால் கண்ணாடிப் பஞ்சு இருந்தால், நனைந்ததை முழுதும் எடுத்து எறி. உள்ளே ஊறிய நீரை அது லேசில் விடாது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை பூஞ்சை வாழும். ஈரமானி கிடைத்தால், ஈரம் அந்த அளவுக்கும் நன்றாகக் கீழே இறங்கும்வரை காத்திரு. கிடைக்காவிட்டால், மிஞ்சியிருக்கும் பலகையின் மேல் ஒரு பாலிதீன் துண்டை நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடு. காலையில் அதன் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் உலரவில்லை.

இதற்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. சித்திரை வெயிலில் வண்டிக்குள் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. பசையும் தடவி முடிப்பதற்குள் இறுகும். பகலில் கதவு ஜன்னலைத் திறந்து வை. பொழுது சாய்ந்ததும் பனி இறங்குமுன் மூடிவிடு.

மூன்றாவது, சட்டத்தைப் பார்ப்பது. மேலைநாட்டுப் பழைய மோட்டார்ஹோம்கள் பலவற்றில் சுவர்ச் சட்டமே மரரீப்பர்தான். நீர் இறங்கினால் சட்டம் மக்கும். கரூர்ப் பட்டறைகளில் கட்டும் நம் ஊர் பாடிகளில் சட்டம் இரும்புச் சதுரக் குழாய். அது மக்காது, துருப்பிடிக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார். மேல்துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட் அடி. முனை உள்ளே இறங்கினால் பலகையை மறந்துவிட்டு வண்டியை வெல்டிங் பட்டறைக்கு விடு. கையிருப்பு குறைவாக இருந்தால் வேறு எதில் வேண்டுமானாலும் குறை, இதில் குறைக்காதே. உன் உயிரைத் தாங்குவது இந்தச் சட்டம்தான்.

இனி பலகை. கடையில் மலிவாகக் கிடைப்பது எம்.ஆர். பிளைவுட் (ஈரத்தை ஓரளவு தாங்கும் வகை), வீட்டு அலமாரிக்குச் சரி, உன் வண்டிக்கு வேண்டாம். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையோடு வரும் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் வகை) சுவருக்குப் போதும். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் மரைன் பிளைவுட், அதாவது ஐ.எஸ். 710, விலை கூடியது; தண்ணீர்த் தொட்டியடிக்கும் கதவோரத்துக்கும் மட்டும் அதைப் போடு. முத்திரை பலகையிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. தடிமன் 4 மில்லிமீட்டர் போதும். எட்டுக்கு நாலு அடிப் பலகை அந்தத் தடிமனில் ஏறக்குறைய 7 கிலோ. 18 மில்லிமீட்டரில் 30 கிலோவைத் தாண்டும். அந்தக் கூடுதல் எடையை டீசலும் டயரும் வண்டி இருக்கும்வரை சுமக்க வேண்டும்.

பி.வி.சி. பலகை நனையாது, விலையும் குறைவு என்பார்கள். உண்மைதான். ஆனால் உன் ஊர் திருவண்ணாமலை வெயிலில் நிற்கும் தகட்டோடு ஒட்டியிருக்கும்போது அது நீண்டு நெளியும். தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும். அடுப்புள்ள வண்டிக்கு அது ஆகாது.

செலவு உண்மையில் குறையும் இடம் ஒன்று சொல்கிறேன். நீர் கீழ்ப்பகுதியில்தான் தங்கும் என்பதால், பெரும்பாலும் ஒன்றே கால் அடி உயரத்துக்கு மேல் பலகை நன்றாகவே இருக்கும். தட்டிப் பார், கணீரென்று கேட்கும் பகுதியைக் கழற்றாதே. 16 அங்குல உயரத்தில் நேர்க்கோடு போட்டுக் கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டி எடு. ஒரு முழுப் பலகையை நீளவாக்கில் மூன்றாக அறுத்தால் 16 அங்குல அகலத்தில் மொத்தம் 24 அடி கிடைக்கும். 12 அடி நீள வண்டியின் இரு பக்கமும் ஒரே பலகையில் முடிந்துவிடும். பழையதும் புதியதும் சேரும் கோட்டை அலுமினியப் பீடிங்கால் மூடு. கழற்றிய துண்டையே அச்சாக வைத்துப் புதியதை வெட்டு. உன் ஊர் ஆசிரமத்தில் ரமண மகரிஷி தேங்காய்ச் சிரட்டையை இழைத்துக் கிண்ணமாக்கியதையும், வீணாகப் போகும் வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்துக் குறிப்பேடு ஆக்கியதையும் கேட்டிருப்பாய். அதுபோல, நல்லதை நல்லதாகவே விட்டுவைப்பதும் வேலைத்திறன்தான்.

பொருத்தும் முன் பலகையின் பின்பக்கத்துக்கும் நான்கு விளிம்புகளுக்கும் பிரைமர் அடி. பிளைவுட் அதிகமாக நீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். தரைக்கும் பலகைக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி விட்டு, அதை ஓரப்பட்டையால் மறை. சட்டத்தின் மேல் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டினால் கிறீச்சொலி வராது. மரத்தோடு மரம் ஒட்டும் இடத்தில் நீர் தாங்கும் ஃபெவிகால் மரைன் போன்ற பசையை வாங்கு. ஆணி அடிக்காதே, குலுக்கலில் கழன்றுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போடு. திருகுமுனை வயரைத் தொடாத நீளமா என்று ஒவ்வொரு இடத்திலும் பார்.

இருந்ததைப் போலவே பலகை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இருக்கையையோ பாடி அளவையோ மாற்ற நினைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைக் கட்டுப்படுத்துகிறது. முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்.

வேலை முடிந்த பிறகும் ஒரு கடமை மிச்சமிருக்கிறது. சமைக்கும்போதும் தூங்கும்போதும் ஒரு ஜன்னலைச் சற்றே திறந்து வை. மூச்சும் ஆவியும்கூடச் சுவரில் நீராகப் படியும். ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் கூரையில் ஏறி, சருகைத் தள்ளி, எல்லா மூட்டையும் தடவிப் பார். அரை நாள் வேலைதான் அது. அதைத் தவறாமல் செய்கிறவனுக்கு இந்தக் கடிதம் இரண்டாம் முறை தேவைப்படாது.

அன்புடன்,
உன் அண்ணன்