வளைவு ஏறினால் யாருக்குக் குமட்டும்?

கேள்வி: கொல்லிமலைக்குப் போனால் என் பத்து வயது மகள் பாதி வளைவு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுகிறாள். அவள் அண்ணனுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவனுக்கோ விஆர் கண்ணாடி மாட்டி விளையாடினால் தலை சுற்றுகிறது. யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே அறிய முடியுமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: இதற்கென்று ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ஆய்வாளர்கள் நம்பியிருப்பது ஒரு கேள்வித்தாளைத்தான். 1975இல் ரீசன், பிராண்ட் என்ற இருவர் வகுத்ததை ஜான் கோல்டிங் பின்னர் திருத்திச் சுருக்கினார். பன்னிரண்டு வயதுக்கு முன்பும், கடந்த பத்தாண்டுகளிலும் கார், பஸ், ரயில், படகு, ஊஞ்சல், ராட்டினம் இவற்றில் எத்தனை முறை குமட்டியது என்று கேட்கும். நம் வீட்டுப் பாட்டிகள் டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்பதுதான்!

வயதும் ஒரு துப்பு. இரண்டு வயதுக்குள் அநேகமாக யாருக்கும் வராது. ஒன்பது, பத்து வயதில் உச்சம். பிறகு மெல்லக் குறையும். இந்தச் சிறுமி அந்த உச்சத்தில் இருக்கிறாள். ஆண்களைவிடப் பெண்களுக்கும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் தொல்லை அதிகம். பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன.

அறவே வராதவர்களும் உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் பின்னர் நாசாவும் விண்வெளிப் பயண ஆய்வுக்காக கலாடெட் கல்லூரியிலிருந்து காது கேளாத 11 ஆண்களைத் தேர்ந்தெடுத்தன. அவர்களில் பத்துப் பேருக்கு மூளைக்காய்ச்சலால் செவித்திறன் போயிருந்தது. உடலின் சமநிலையைக் கவனிக்கும் உட்காது உறுப்பும் அதோடு பழுதாகியிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில், அலை புரட்டியெடுத்த படகில் அவர்கள் பாட்டுக்குச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சோதிக்க வந்த விஞ்ஞானிகளே வாந்தியெடுத்துச் சுருண்டுபோனதால் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

உட்காது சொல்வதும் கண் சொல்வதும் முரண்படும்போதுதான் குமட்டல் வருகிறது என்பதே இன்றும் செல்வாக்குள்ள விளக்கம். பஸ்ஸில் உடல் ஆடுகிறது, கண்ணோ முன்சீட்டின் முதுகைப் பார்க்கிறது. விஆரில் நேர்மாறு: கண் பறக்கிறது, உடல் நாற்காலியில் கிடக்கிறது. அதனால் ஒன்றில் தப்பியவர் மற்றொன்றில் மாட்டிக்கொள்ளலாம்.

அனுபவசாலிகளும் விலக்கல்ல. 1950களில் அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் மாணவர்களைவிட, நிஜத்தில் நிறையப் பறந்த பயிற்றுநர்களே அதிகம் அவதிப்பட்டார்கள். பறந்து பழகிய உடல் எதிர்பார்க்கும் அசைவு அந்தப் பெட்டிக்குள் கிடைக்கவில்லை. விண்வெளியில் கேள்வித்தாள் இன்னும் மோசமாகத் தோற்கிறது. தரையில் எதற்கும் அசராதவர்கள்கூட அங்கே போய்க் குமட்டலில் விழுகிறார்கள்.

மகளை முன்னால் சாலை தெரியும் இடத்தில் உட்காரவைத்து, கையில் போன் கொடுக்காமல் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லலாம். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு, வண்டி ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. மகன் சில நிமிடங்கள் மட்டும் ஆடி, தலை கனத்தவுடன் கண்ணாடியைக் கழற்றிவிடட்டும். சமாளித்து ஆடினால் தொல்லை கூடும். ஆடி முடித்த கையோடு சைக்கிளை எடுக்க விடாதீர்கள்.