கெசிக்கிலிருந்து ஏரியைச் சுற்றி ஒரு நடை

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் உள்ள சந்தை ஊர் கெசிக். அங்கிருந்து கிளம்பி டெர்வென்ட்வாட்டர் ஏரியைச் சுற்றிவந்தால் ஏறக்குறைய 16 கி.மீ. மலையேற்றம் கிடையாது; நிதானமாக நடக்க ஒரு பகல் ஒதுக்குங்கள்.

• வியாழன், சனி சந்தை நாள்கள். மதியத்துக்கான ரொட்டி, பாலாடைக்கட்டி, பழங்களை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

• ஏரி எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள். நடையின் தொடக்கத்திலேயே ஃப்ரையர்ஸ் கிராக் பாறைமுனை வரும். ஏரியின் முழு அழகும் அங்கே தெரியும்.

• தென்கோடி சதுப்பு நிலம். பலகைப் பாதை உண்டு. கனமழைக்குப் பின் அதுவும் மூழ்கலாம். தண்ணீர் புகாத பூட்ஸ் அவசியம்.

• கால் வலித்தால் கவலை வேண்டாம். கரையெங்கும் படகுத்துறைகள் உள்ளன. கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

• மேற்குக் கரையில் உள்ள பிரான்டல்ஹவ் காட்டை 1902இல் மக்களின் நன்கொடையால் நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. எல்லோருக்கும் பொதுவான இடம், குப்பை போடாதீர்கள்.

• பண்ணைக் கதவுகளைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள். வசந்தகாலம் ஆடுகள் குட்டி போடும் பருவம். நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள்.

• டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலையிலேயே கிளம்புங்கள், டார்ச்சும் இருக்கட்டும்.