24 டிபிஐ ஆண்டெனா வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் கூலிமில் கணினிப் பாதுகாப்பு படிக்கிறேன். பாடாங் செராயில் என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார், இரண்டு மாடிக் கடைவீடு. கடை வைஃபையைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். 24 டிபிஐ கிரிட் ஆண்டெனா வாங்கலாமா?
– மாணவர், பாடாங் செராய்

பதில்: வேண்டாம், தம்பி. டிபிஐ கூடினால் சக்தி கூடாது; இருக்கிற சக்தி ஒரு பக்கமாகக் குவியும், அவ்வளவுதான். அந்தக் கிரிட் ஏறத்தாழ பத்து பாகை அகலத்துக்குத்தான் பார்க்கும். எதிரெதிரே இரண்டு கோபுரங்களை இணைக்க அது சரி. கடையைச் சுற்றி நடந்து அலை எங்கே கசிகிறது என்று தேடுபவருக்கு அது சுமை.

சட்டச் சிக்கலும் உண்டு. மலேசியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு ஆண்டெனாவையும் சேர்த்து 500 மில்லிவாட்தான் வரம்பு. 100 மில்லிவாட் வைஃபை அடாப்டரில் 24 டிபிஐ பூட்டினால் கணக்கு 25 வாட்டுக்குப் போய்விடும்.

எல்லாப் பக்கமும் பரப்பும் 5 டிபிஐ ஓம்னி ஒன்று, 8 டிபிஐ சின்னப் பேனல் ஒன்று போதும். 9 டிபிஐ ஓம்னி என்று கடைக்காரர் ஆசை காட்டுவார்; அதன் அலை தட்டையாகப் பரவும், கீழே நின்றால் மேல்மாடி ரவுட்டர் சரியாகப் பிடிபடாது. முதலில் ஓம்னியோடு அஞ்சடியிலும் பின்சந்திலும் எதிர்ச்சாலையிலும் நின்று அளவெடுங்கள். மைனஸ் 60 டிபிஎம் காட்டினால், அங்கே காரில் உட்கார்ந்திருப்பவருக்கும் கடை வைஃபை தெளிவாகக் கிடைக்கும். எந்தச் சன்னல் வழியே கசிகிறது என்பதைப் பேனலை மெல்லத் திருப்பிக் கண்டுபிடிக்கலாம். கடைக்குப் பின்னால் செம்பனை இருந்தால் மழை நாளில் அளக்காதீர்கள். நனைந்த ஓலை அலையை விழுங்கிவிடும்.

ஆண்டெனாவைவிட அடாப்டர் முக்கியம். அதில் மானிட்டர் மோட், அதாவது எந்த நெட்வொர்க்கிலும் சேராமலே சுற்றியுள்ள வைஃபையைக் கவனிக்கும் வசதி, இருக்க வேண்டும். ஆண்டெனா கேபிளை நீட்டவே கூடாது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் மூன்று மீட்டருக்குள் ஏறத்தாழ பாதிச் சக்தி போய்விடும். யூஎஸ்பி வயரை நீட்டிக்கொள்ளுங்கள்.

கசிவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போனது. போலீஸ் முதலில் அந்த வீட்டுக்காரரிடம்தான் வந்தது.

பக்கத்துக் கடைகளின் வைஃபையும் உங்கள் திரையில் தெரியும். அவற்றைத் தொடாதீர்கள். அனுமதியில்லாமல் நுழைந்தால் 1997 கணினிக் குற்றச் சட்டம், ஒட்டுக்கேட்டால் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டம். மாமாதானே என்று விடாமல், எந்த ரவுட்டர், எந்த நாள் என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு அடாப்டரைச் செருகுங்கள்.