பணம் போன வழியே போங்கள்

என் மகள் படித்த நீட் பயிற்சி மையம் கல்வியாண்டின் நடுவில் மூடப்பட்டது. ஆசிரியர்களுக்குச் சில மாதங்களாகவே சம்பளம் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பெற்றோரெல்லாம் ஷட்டர் முன்னால் கூடினோம். வாட்ஸ்அப் குழு ஒன்று பிறந்தது. கோபம் நியாயமானதுதான். ஆனால் மூடியவரையே தேடிப் பிடித்து வாங்கிவிடலாம் என்ற நினைப்பில் பலருக்கு முதல் மாதம் கரைந்துபோனது. பணம் எந்த வழியாகப் போனதோ அந்த வழியே திரும்பிப் போனவர்களுக்குத்தான் ஏதோ கிடைத்தது.

கார்டில் கட்டியவர்கள் நிலை பரவாயில்லை. கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம். டெபிட் கார்டுக்கும் இது உண்டு. நம் வங்கி அந்தத் தொகையை மையத்துக்கு கார்டு வசதி கொடுத்த வங்கியிடம் கேட்கும். மையம் இழுத்து மூடிவிட்டாலும் அந்த வங்கி இருக்கிறதே! விசா விதிப்படி, சேவை கிடைத்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம். பணம் கட்டி 540 நாள் தாண்டியிருக்கக் கூடாது. குழுவில் இருந்த ஒரு அக்கா வங்கிக்குப் போன் செய்தபோது, "ஓடிபி போட்டு நீங்கதானே மேடம் கட்டினீங்க?" என்று கேட்டு வைத்துவிட்டார்கள். திருட்டுப் பரிவர்த்தனை வேறு, கிடைக்காத சேவை வேறு. ‘சேவை வழங்கப்படவில்லை’ என்ற காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்தபின் அதே வங்கி புகாரை எடுத்துக்கொண்டது. வகுப்பு நடந்த மாதங்களைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் கேட்பது நல்லது. முழுத் தொகையையும் கேட்டால் மறுப்பதற்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

நான் கட்டியது இ.எம்.ஐ.யில். மையத்தின் வரவேற்பு மேசையிலேயே ஒரு டேப்லெட்டில் கையெழுத்து வாங்கி, "மாதாமாதம் ஃபீஸ் மாதிரி போகும் சார்" என்பார்கள். அது ஃபீஸ் அல்ல, கடன். நிதி நிறுவனம் மொத்தத் தொகையையும் மையத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. வகுப்பு நின்றாலும் நம் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டேயிருக்கும். வங்கிக்குச் சொல்லித் தவணையை நிறுத்துவது எளிது. ஆனால் அது கடன் தவறியதாகப் பதிவாகி சிபில் மதிப்பெண்ணைக் கீழே தள்ளும். ஆகவே கட்டுவதை நிறுத்துவதற்கு முன்பே, மையம் மூடிய தேதியைக் குறிப்பிட்டு, மீதிக் கடனை ரத்து செய்யும்படி நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. இந்த மின்னஞ்சல்தான் பின்னால் வழக்குக்கும் முதுகெலும்பாக நின்றது.

ரொக்கமாகவும், கிளை மேலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கும் கொடுத்தவர்கள்தான் பாவம். அவர்கள் கையில் இருந்தது ரசீது மட்டும். ஆனால் ரசீதிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது: 15 இலக்க ஜி.எஸ்.டி. எண். அதை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால், வாங்கியவரின் சட்டப்பூர்வமான பெயர் வந்துவிடும். பெயர்ப் பலகையில் இருந்தது பெரிய பிராண்டு. எங்கள் பணத்தை வாங்கியது பிரான்சைஸ் எடுத்த வேறொரு நிறுவனம். பணத்தைத் திருப்பிக் கேட்கும் நோட்டீஸை இருவருக்குமே அனுப்புங்கள், ‘அவரைக் கேளுங்கள், இவரைக் கேளுங்கள்’ என்று பந்து உருட்ட இடம் கொடுக்காதீர்கள். கால அட்டவணை, வருகைப் பதிவு, மையத்தின் அறிவிப்புகள் எல்லாவற்றையும் மையத்தின் செயலி நின்றுபோவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்பார்கள். பாதி உண்மை. ஒப்பந்தத்தை மீறியது மட்டுமே மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். மூடுவதற்கு முந்தைய வாரம் வரை தள்ளுபடி அறிவித்துப் புதுச் சேர்க்கை வாங்கியிருந்தால் அந்த விளம்பரங்களைச் சேர்த்துக் கொடுங்கள். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் எழுந்து வரவேண்டாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். இயங்கிக்கொண்டிருக்கும் நிறுவனத்திடம் இது நன்றாக வேலை செய்யும். ஓடிப்போனவரிடம் பெரிதாக எடுபடாது. ஆணையத்தில் வழக்குப் போட நாம் குடியிருக்கும் மாவட்டமே போதும், வக்கீல் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. ‘கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்தில் வராது’ என்று எதிர்த் தரப்பு வாதாடினால் அசர வேண்டாம். பயிற்சி மையங்கள் வரும் என்று தேசிய ஆணையம் 2020லேயே மனு சோலங்கி வழக்கில் சொல்லிவிட்டது. இ.எம்.ஐ.காரர்கள் நிதி நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, வழக்கு முடியும்வரை தவணை வசூலுக்குத் தடை கேட்டு இடைக்கால மனு போட வேண்டும். எங்களில் சிலர் செய்த உருப்படியான காரியம் இதுதான்.

நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால் கதை மாறும். கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் தடைக்காலம் அறிவித்தால் நுகர்வோர் வழக்கும் அப்படியே நிற்கும். தீர்வு அலுவலர் நாளிதழில் விளம்பரம் கொடுப்பார், அதிலுள்ள கெடுவுக்குள் நம் பாக்கியைக் கோரிப் பதிய வேண்டும். வரிசையில் வங்கிகளுக்குப் பின்னால்தான் நமக்கு இடம், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பதியாவிட்டால் அதுவும் இல்லை.

மகளை வேறொரு மையத்தில் சேர்த்திருக்கிறோம். மொத்தமாகக் கட்டினால் நல்ல தள்ளுபடி என்றார்கள். அந்தத் தள்ளுபடி, அவர்கள் நாளைக்கு மூடினால் வரும் நஷ்டத்தை நாம் சுமப்பதற்கான கூலி. எனக்கு அது போதாது. டேப்லெட்டை நீட்டிய பெண்ணிடம், பருவத்துக்குப் பருவம் கார்டில் கட்டுகிறேன் என்றேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனவர், திரும்பி வந்து சரி என்றார்.