பழைய சர்வரும் புதிய கணிப்பொறிகளும்

ஓர் அலுவலகத்தில் நூறு கணிப்பொறிகள் இருந்தால், திரை தானே பூட்டிக்கொள்ளும் நேரம் முதல் பென் டிரைவைச் செருகலாமா கூடாதா என்பது வரை ஒவ்வொன்றிலும் தனித்தனியே அமைத்துக்கொண்டிருக்க இயலாது. ஓரிடத்தில் விதியை எழுதி வைத்தால் எல்லாக் கணிப்பொறிகளும் தாமே படித்து அதன்படி நடக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000-உடன் கொண்டுவந்தது. அதுவே ‘குரூப் பாலிசி’.

சர்வர் பழையது, கணிப்பொறிகள் புதியவை என்றால் என்ன ஆகும்? 2007-இல் விஸ்டாவும் 2009-இல் விண்டோஸ் 7-உம் கடைக்கு வந்தபோது, சர்வர் 2003 வைத்திருந்தவர்களுக்கு எழுந்த கேள்வி இது. சர்வரில் உள்ள பாலிசி எடிட்டரைத் திறந்தால் புதிய விதிகள் கண்ணில் படவே இல்லை. ‘சர்வரை மாற்றியே தீர வேண்டும்’ என்பது எளிதில் கிடைக்கும் யோசனை. விடுமுறையில் நான் வேலை பார்த்த கடை ஒன்றில் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். விற்பனை ஆக வேண்டுமல்லவா! ஆனால் வாங்குகிறவர்களுக்கு அது சிறிய செலவன்று.

விடை, சர்வர் என்ன வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. விதிகளைக் கோப்புகளாக ‘சிஸ்வால்’ என்னும் பொதுக் கோப்புறையில் அது வைத்துக்கொள்கிறது, கேட்டால் கொடுக்கிறது. படித்து நிறைவேற்றுவது மேசைக் கணிப்பொறியே. என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் என் பள்ளிச் சான்றிதழ்களை ஒன்றுகூடக் கசங்காமல் தகரப் பெட்டியில் காத்து, கேட்ட அன்று எடுத்துக் கொடுத்தவர் அவர். படிப்பது கல்லூரி அலுவலகத்தின் பாடு. சர்வர் 2003-உம் அப்படித்தான். விண்டோஸ் 7-இன் விதி அதற்குப் புரியாது, புரிய வேண்டியதும் இல்லை.

எனவே விதியை எழுதும் இடத்தை மாற்றினால் போதும். விண்டோஸ் 7 உள்ள ஒரு கணிப்பொறியில் ‘ஆர்சாட்’ என்ற நிர்வாகக் கருவிகளை நிறுவி, அங்கிருந்தே எழுதினார்கள், சர்வரைத் தொடவில்லை. எழுதும் கணிப்பொறி, உள்ளவற்றில் மிகப் புதியதாக இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம்.

இன்னோர் இலாபமும் உண்டு. பழைய முறையில் விதிப்பட்டியல் ‘ஏ.டி.எம்.’ கோப்புகளில் இருந்தது — பணம் எடுக்கும் ஏ.டி.எம். அன்று! ஒவ்வொரு பாலிசியும் அவற்றின் நகலைச் சுமந்தது. ஏறத்தாழ 4 மெகாபைட். நூறு பாலிசிக்கு 400 மெகாபைட், அதுவும் ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும். விஸ்டாவுடன் வந்த ‘ஏ.டி.எம்.எக்ஸ்.’ கோப்புகளைச் சிஸ்வாலுக்குள் ‘பாலிசி டெஃபனிஷன்ஸ்’ என்ற ஒரே கோப்புறையில் வைத்தால் போதும். வெறும் கோப்புறைதானே, சர்வர் 2003-இலும் அதை உண்டாக்கலாம்.

இம்முறைக்கு எல்லை உண்டு. பிட்லாக்கர் மீட்புச் சாவிகளை ஆக்டிவ் டைரக்டரியில் சேமிப்பதற்கு அதன் ஸ்கீமாவை விரிவாக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தடை, சர்வர் 2003 எஸ்.எம்.பி. முதல் பதிப்பை மட்டுமே பேசும் என்பது. 2017 மே மாதம் ‘வானாக்ரை’ பரவியது அதிலிருந்த ஓட்டையின் வழியாகத்தான். அவ்வாண்டு வந்த 1709 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 அதைக் கைவிடத் தொடங்கியது. அது இல்லாத கணிப்பொறியால் அந்தச் சர்வரின் சிஸ்வாலைத் திறக்கவே முடியாது. மீண்டும் இயக்கிக்கொள்ளலாமே என்பார்கள், நான் ஒப்பமாட்டேன். சர்வர் 2003-க்கான ஆதரவு 2015 ஜூலை 14-உடன் முடிந்துவிட்டது. அங்கே செலவு செய்துதான் ஆக வேண்டும். சர்வர் 2008-உம் அதற்குப் பிந்தியவையும் எஸ்.எம்.பி. 2 அறிந்தவை, அவற்றில் இந்தத் தடை இல்லை.