செங்கோலின் எல்லை

பெரம்பலூரினின்று அரியலூர் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்வோர் கங்கைகொண்ட சோழபுரத்தை அடைவர். முதலாம் இராசேந்திர சோழன் வீற்றிருந்து ஆண்ட தலைநகர் அது. ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் அவன் படை கடல்கடந்து, இன்றைய மலேசியாவிலுள்ள கடாரத்தை வென்றது. தனக்கு மேலான ஆணை ஒன்றில்லாத இத்தகைய ஆட்சியுரிமையையே இக்காலத்தார் இறையாண்மை என்பர்.

எவரையும் ஒறுக்கும் ஆற்றல் சோழ வேந்தர்க்கு இருந்தது. எனினும், அவர் காலக் கல்வெட்டுகள் சில கூறும் செய்தி வியப்புக்குரியது. விலங்கின்மீது எய்த அம்பு தவறி ஒருவனைக் கொன்றதாயின், எய்தவன் உயிரை வாங்காது, கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகள் அளிக்குமாறு விதித்தனர். ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் என்பது பெருவழக்கு. செயலை மட்டுமன்றிச் செய்தவன் உள்ளத்தையும் நோக்கிய முறை இஃதன்றோ?

கடாரம் இருந்த அம்மலேசிய நாட்டில் இன்றும் தமிழர் பலர் வாழ்கின்றனர். அவருள் இளைஞர் ஒருவர், ஹெராயின் கடத்திய குற்றத்திற்காக, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அவர் அறிவாற்றல் குறைந்தவர் என்பதைக் காட்டி, ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்கள் தண்டனையை நிறுத்துமாறு வேண்டினர். அறிந்தே செய்தார் என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. போதைப்பொருளினின்று மக்களைக் காப்பது தன் கடமை. அதற்குரிய தண்டனையை வகுப்பது தன் உரிமை என்பது அந்நாட்டரசின் கொள்கை.

அக்கொள்கையை எளிதில் தள்ளுதற்கில்லை. போதையால் அழிந்த குடும்பங்கள் பல. ஆயினும், கொடிய தண்டனைக்கு எவரும் ஆளாதல் கூடாது என 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பேரறிக்கை உரைக்கின்றது. தண்டனையை வகுக்கும் இறையாண்மை எல்லா நாடுகட்கும் உண்டு என்னும் தொடர், சிங்கப்பூரின் முயற்சியால் 2016ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபைத் தீர்மானத்தில் இடம்பெற்றது. பன்னாட்டுச் சட்டக் கடமைகளுக்கு இணங்கவே அவ்வுரிமை அமையும் என்னும் வரம்பும் அத்தொடரிலேயே உள்ளது. மரணதண்டனை உள்ள நம் நாட்டிலும், அரிதினும் அரிதான வழக்கிற்கே அஃது உரியது என 1980ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது.

வள்ளுவர் செங்கோன்மையைக் கூறியபின், கொடுங்கோன்மையையும், குடிகள் அஞ்சத்தக்கன செய்யாமையையும் அடுத்தடுத்து வைத்தார். ஒறுக்கும் உரிமையை அவர் மறுத்திலர். அதற்குக் கரை கட்டினார். கரையுள்ள ஆறே ஊரை வாழ்விக்கும். மாணவர்களே, ஓர் அரசின் பெருமையை அதன் ஆற்றலால் மட்டும் அளவாதீர். அவ்வாற்றலை அஃது எங்கே அடக்கிக்கொள்கிறது என்பதையும் நோக்குமின்.