பிரேக் டிஸ்க்கும் பேடும்: எதைப் பார்த்து வாங்குவது?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் துறை)



"பிரேக் எதற்கு?" என்று வைவாவில் கேட்டால் "வண்டியை நிறுத்துவதற்கு சார்" என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். "அப்படியானால் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சக்தி எங்கே போச்சு?" என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் நம்மில் பலருக்குத் தொண்டை காய்ந்துபோகும். பதில் ஒரே வார்த்தை: வெப்பம்! இதைப் புரிந்துகொண்டவனுக்கு, கடையில் பத்து கம்பெனிப் பெட்டிகளை அடுக்கி வைத்தாலும் எந்த டிஸ்க், எந்த பேட் என்று தேர்ந்தெடுப்பதில் குழப்பம் வராது. இதைப் பற்றி நான் படித்ததையும், பயிற்சிக்காகப் போன ஒர்க்‌ஷாப்பில் கண்டதையும் சேர்த்து இந்த மலரில் எழுதுகிறேன்.

கொஞ்சம் வரலாறு

டிஸ்க் பிரேக் நேற்று வந்த சரக்கு அல்ல. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அன்றைய சாலைத் தூசிக்கும் அன்றைய உலோகத்துக்கும் அது தாக்குப்பிடிக்கவில்லை. 1953ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் ஊரும் சளைத்ததல்ல. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962ல் தொடங்கப்பட்டது. ரானே, சுந்தரம் என்று லைனிங் தயாரிப்பில் பெயர் பெற்ற நிறுவனங்களும் சென்னையில் பிறந்தவைதான். ஆக, பிரேக் என்பது நம் மண்ணில் நன்றாக வேரூன்றிய தொழில். நமக்கு வேலை தரும் தொழில்!

ஒரு சின்னக் கணக்கு

ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள ஒரு கார் 100 கி.மீ. வேகத்தில் வருகிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 463 கிலோ ஜூல். பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்னால் சாயும் அல்லவா? அதனால் முன்சக்கரங்கள் 70 சதவீத வேலையைச் செய்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் 162 கிலோ ஜூல் போகிறது. டிஸ்க் 5 கிலோ வார்ப்பிரும்பு என்றால், ஒரே ஒரு முறை நிறுத்தியதில் அதன் வெப்பம் சுமார் 65 டிகிரி ஏறும். அதே இடத்தில் 4 கிலோ டிஸ்க் மாட்டியிருந்தால்? 81 டிகிரி! சைஸ் ஒன்று, ஓட்டைகளும் ஒன்று. ஆனால் ஒரு கிலோ இரும்பு குறைந்ததற்கு இவ்வளவு வித்தியாசம்.

இது சமதளத்துக் கணக்கு. மலைக்கு வாருங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது மொத்தம் 1000 மீட்டர் உயரம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், அதே கார் இழக்க வேண்டிய ஆற்றல் சுமார் 11,770 கிலோ ஜூல். அதாவது, 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். 40 நிமிடத்தில் இறங்கினால், 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ஐந்தை விடாமல் போட்டு வைத்த மாதிரி! காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதியை எஞ்சின் எடுக்கவேண்டும். அதற்காகத்தான் ஏறின கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது. நியூட்ரலில் இறங்கினால் எஞ்சினின் பங்கும் சேர்ந்து பிரேக்கின் தலையில் விழும்.

டிஸ்க் எப்படி வாங்குவது?

பயிற்சிக்குப் போன ஒர்க்‌ஷாப்புக்கு வால்பாறை ட்ரிப் அடிக்கும் ஒரு டாக்சி டிரைவர் அண்ணன் வருவார். ஸ்விஃப்ட் டிசையர் வண்டி. ஒருநாள் இரண்டு ஜோடி டிஸ்க்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏனுங்க தம்பி, ரெண்டும் ஒரே சைஸ்தானுங்களே, அப்புறம் எதுக்குங்க வெலையில இத்தன வித்தியாசம்?" என்று கேட்டார். ஃபோர்மேன் பதிலே சொல்லவில்லை. பக்கத்து மளிகைக்கடைத் தராசைக் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் நிறுத்துக் காட்டினார். விலை குறைந்த டிஸ்க் எடையிலும் குறைந்திருந்தது. டிரைவர் அண்ணனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று கற்றதும், பிறகு படித்ததும் இவை:

1. கம்பெனி டிஸ்க்கின் எடைக்கு வாங்கும் டிஸ்க் ஈடாக இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் தராசு இருக்கிறது.

2. காற்றுத் துளையுள்ள வென்டிலேட்டட் டிஸ்க் என்றால், விளிம்பு வழியாக உள்ளே பாருங்கள். இரண்டு பக்கத் தட்டுகளின் கனமும் சமமாக இருக்கவேண்டும். வார்க்கும்போது கோர் நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். அது சூடேறும்போது கோணும்.

3. டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். அது இல்லாத டிஸ்க்கை வாங்காதீர்கள். பழைய டிஸ்க்கை லேத்தில் ஏற்றும் முன் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். கடைந்த பிறகு அந்த அளவுக்குக் கீழே போகும் என்றால் கடையவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

4. துளை போட்டது, கோடு வெட்டியது எல்லாம் ஸ்டைலாகத்தான் இருக்கும். பழைய காலத்து பேட்கள் சூட்டில் வாயு கக்கும். அது வெளியேறத்தான் துளை வந்தது. இன்றைய நல்ல பேட்களுக்கு, தெருவில் ஓடும் காருக்கு, அந்தத் தேவை பெரிதாக இல்லை. துளை போட்டால் வெப்பம் தாங்கும் இரும்பு குறைகிறது, துளையிலிருந்து துளைக்கு விரிசல் ஓடும் வாய்ப்பும் கூடுகிறது. காசு மிச்சம் இருந்தால் துளையில் போடாதீர்கள், நல்ல டயரில் போடுங்கள்!

டயர் என்று ஏன் சொல்கிறேன்? பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் உள்ள பிடிமானம். அந்தப் பிடிமானத்தின் எண் 0.8 என்றால், 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்கக் குறைந்தது 32 மீட்டர் வேண்டும். சக்கரத்தை லாக் ஆகும் அளவுக்கு இறுக்கிப் பிடிக்கும் பிரேக் ஏற்கனவே இருக்கும்போது, அதைவிட விலை உயர்ந்த பேட் போட்டாலும் அந்த 32 மீட்டர் குறையாது. பேடின் தரம் தெரிவது முதல் பிரேக்கில் அல்ல, மலையில் இருபதாவது வளைவில்!

பேட் எப்படி வாங்குவது?

பேட் என்பது ஒரு சாம்பார் மாதிரி. ஃபீனாலிக் ரெசின் பிசின், நார், உராய்வைக் கூட்ட அலுமினா போன்ற தூள், வழவழப்புக்குக் கிராஃபைட், நிரப்பப் பேரைட்ஸ் என்று பல சரக்குகள் சேர்ந்தது. வகைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

ஆர்கானிக்: சத்தம் குறைவு, டிஸ்க்கைத் தின்னாது, விலையும் குறைவு. ஊருக்குள் ஓடும் குடும்பக் காருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதிகச் சூட்டில், சுமார் 300 டிகிரியைத் தாண்டும்போது, பிசின் சிதைந்து பிடிமானம் விழ ஆரம்பிக்கும். இதைத்தான் ஃபேட் என்கிறோம். பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது.

செமி மெட்டாலிக்: இரும்பு நார் அதிகம். சூடு தாங்கும். மலை ஏறி இறங்கும் வண்டிக்கும் பாரம் ஏற்றும் வண்டிக்கும் பொருத்தம். சத்தமும் கரித்தூளும் கூடுதல், டிஸ்க்கும் சற்று சீக்கிரம் தேயும்.

செராமிக்: தூசி குறைவு, அமைதி, தேய்மானமும் குறைவு. விலை கூடுதல். பேர் செராமிக் என்பதற்காகப் பந்தயத்துக்கு ஆனது என்று எண்ணிவிடாதீர்கள்.

ரேஸ் பேட்: சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் தெருமுனையில் ஒரு குழந்தை குறுக்கே ஓடும்போது அந்த பேட் இன்னும் குளிர்ந்தே இருக்கும். சாலைக்கு இது வேண்டவே வேண்டாம்.

பேடின் பின்புறத்திலோ ஓரத்திலோ பல தயாரிப்புகளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எண், இரண்டாவது அதிகச் சூட்டில் உராய்வு எண். இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்.எஃப். என்றால் சூட்டிலும் அதே பட்டையில் நிற்கிறது. எஃப்.இ. என்றால் சூட்டில் இறங்குகிறது. மலை வண்டிக்கு எதை எடுப்பது என்று நான் சொல்லவும் வேண்டுமா? ஆனால் ஒரு எச்சரிக்கை: இது ஓர் அங்குலச் சதுரத் துண்டை வைத்துச் செய்யும் சோதனை. தேய்மானத்தைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ இது எதுவும் சொல்லாது.

ஐரோப்பாவின் 90ஆம் எண் விதிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாற்று பேடைக் காரிலேயே பூட்டி, அதன் பிடிப்பு ஒரிஜினலிலிருந்து கூடவோ குறையவோ 15 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்கிறது. கூடினாலும் தப்பு என்பதைக் கவனியுங்கள்! ஏன்? பிரேக் முறுக்கு விசை உராய்வு எண்ணுக்கு நேர்விகிதம். முன்னால் 0.35 இருந்த இடத்தில் 0.45 போட்டால் முன் பிரேக் சுமார் 29 சதவீதம் கூடிவிடும், பின்னால் உள்ள டிரம் பழையபடியே இருக்கும். முன்–பின் சமநிலை கெட்டு, முன்சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆகப் பார்க்கும். ஏ.பி.எஸ். இருந்தால் அது காப்பாற்றும். இல்லாத பழைய வண்டியில் மழைநாளில் ஸ்டியரிங் வேலை செய்யாது.

மாட்டுவதிலும் இருக்கிறது

நல்ல சரக்கை வாங்கிக் கெட்டுப்போக மாட்டுவதுதான் நம் தொழிலில் அதிகம். அதனால் இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பேடை ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். ஒரே ஆக்சிலின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றவேண்டும்.

ஹப் முகத்தில் உள்ள துருவைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு டிஸ்க்கை வையுங்கள். ஒரு சின்னத் துருப்பொடி போதும், டிஸ்க் ஆட ஆரம்பிக்கும். டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஆட்டம் அதிகமானால் டிஸ்க் சில இடத்தில் மட்டும் தேய்ந்து கனம் மாறும், ஸ்டியரிங் உதறும். "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியில் கட்டுங்கள். கேலிப்பர் பின்னுக்குச் சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும், அதற்கென்று உள்ள சிலிகோன் கிரீஸ்தான் போடவேண்டும்.

பிரேக் ஆயிலை மறக்காதீர்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்த பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். பேட் தாங்கும் சூட்டை ஆயில் தாங்காவிட்டால் ஆவிக்குமிழ் உண்டாகி பெடல் தரையைத் தொடும்.

எல்லாம் முடிந்து வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்ததா என்று பாருங்கள். பிறகு காலி ரோட்டில் 50லிருந்து 10 கி.மீ. வரை மிதமாகப் பத்துத் தடவை பிரேக் பிடித்து, நடுநடுவே ஆறவிட்டு, பேடையும் டிஸ்க்கையும் பழகவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள்.

நம் நெஞ்சுக்கும் ஒரு வார்த்தை

பிரேக் தூசியை ஏர் கன்னால் ஊதித் தள்ளுவது பல ஒர்க்‌ஷாப்பில் வழக்கம். தயவு செய்து செய்யாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005ல் அதை முழுதாகத் தடை செய்தது. பெயர் இல்லாத பெட்டியில் வரும் பேடில் என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டார்? இன்று சுவாசித்த நாரின் நோய் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரும். அப்போது அந்த ஒர்க்‌ஷாப்பே இருக்காது. ஈரத்துணியால் துடையுங்கள். முகமூடி போடுங்கள். "பெரிய ஆபீசர் மாதிரி வேஷம் போடறான்" என்று நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். ஏர் கன்னைப் பிடிப்பது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பையன்தான். நாளை நாம் சூப்பர்வைசர் ஆனால் அந்தப் பையனையும் ஊத விடக்கூடாது.

தோழர்களே! வாங்க வருகிறவருக்கு உராய்வு எண்ணும் தெரியாது, வெப்பக் கணக்கும் தெரியாது. விலை மட்டும்தான் தெரியும். அது அவர் குற்றமல்ல. அந்த டிரைவர் அண்ணனின் வண்டியில் தினமும் நாலு பேர் நம்பி ஏறுகிறார்கள். வண்டி எங்கே ஓடுகிறது, எவ்வளவு பாரம் ஏற்றுகிறது, மலை உண்டா என்று இந்த மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டுப் பெட்டியை எடுங்கள். பில் இல்லாத பேடையும், பேட்ச் நம்பர் இல்லாத டிஸ்க்கையும் "வேண்டாம்" என்று முதலாளியிடமே சொல்லும் தைரியத்தை இந்த டிப்ளமா நமக்குத் தரவேண்டும்.